வன்னியின் பழைய ரயில் சந்தியும் யார்டுகளும்: வரலாற்றைத் தேடிப் பதிய ஒரு முழுமையான வழிகாட்டி

வவுனியாவில் குட்செட் வீதி எங்கே என்று கேட்டால் எந்த ஓட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். அந்தக் குட்செட், அதாவது ரயில் சரக்குக் கொட்டகை, எந்தப் பக்கம் இருந்தது, அங்கே என்ன ஏற்றி இறக்கினார்கள், அதற்கு எத்தனை தண்டவாளம் பிரிந்து போனது என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வன்னியில் ரயிலின் பழைய தடம் இரண்டு முறை அழிந்தது. 1990 ஜூன் 13க்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே ரயில் ஓடவில்லை. போர் நடந்த காலத்தில் தண்டவாளங்களும் அவற்றுக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் இடிந்தன. பிறகு 2011 முதல் 2015 வரை அதே தடத்தில் புதுப்பாதை போட்டார்கள். மிஞ்சியிருந்த பழைய மேடைகளும் அத்திவாரங்களும் பல இடங்களில் அப்போது பெயர்ந்தன. ரயில் திரும்பி வந்தது நம் எல்லோருக்கும் பெரிய ஆறுதல், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் 1905 முதல் 1990 வரையான எண்பத்தைந்து வருட வாழ்க்கையை யாராவது எழுதி வைக்காவிட்டால் அது நம் கையைவிட்டுப் போய்விடும்.

இதைச் செய்ய வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. ஊரைத் தெரிந்திருந்தால், பொறுமை இருந்தால், ஒரு கைபேசியும் அளவு நாடாவும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் படித்தவர்கள் வழக்கமாகக் காகிதத்தில் தொடங்குவார்கள். வன்னியில் ஆட்களிடம் தொடங்குங்கள், அடுத்தது நிலம், அதற்கடுத்தது வரைபடம், காகிதம் கடைசி. கொழும்பில் இருக்கும் கோப்பு அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். 1970இல் மாங்குளத்தில் போட்டராக இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது.

கையில் இருக்க வேண்டிய காலவரிசை

யாரிடமும் போவதற்கு முன் கீழே வரும் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஒருவர் "அது கோச்சி (ரயில்) நிண்ட வருசம்" என்று சொன்னால் உடனே புரியும்.

வடக்குப் பாதை இரு முனைகளிலிருந்தும் வளர்ந்தது. தெற்கே பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894இல் ரயில் போனது. வடக்கே, காங்கேசன்துறையில் பொருட்களைக் கப்பலில் இறக்கக்கூடிய வசதி இருந்ததால் அங்கிருந்தும் வேலை தொடங்கியது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறை – சாவகச்சேரி பகுதி திறந்தது, அதே ஆண்டில் பளை வரை வந்தது. 1904இல் அனுராதபுரம். இரண்டு முனைக்கும் நடுவே மிஞ்சியது வன்னிக் காடு. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி முழுப் பாதையும் திறந்தது. வன்னித் துண்டு கடைசியாகப் போடப்பட்டது என்பதை மறக்கவேண்டாம். கட்டுமான காலத்துத் தகவல்களைத் தேடும்போது 1902க்கும் 1905க்கும் இடைப்பட்ட அறிக்கைகளே உங்களுக்கு வேண்டியவை.

1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 106 கிலோமீற்றர் கிளைப்பாதை திறந்தபோது மதவாச்சி சந்தியானது. அக்கரையில் பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24இல் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், கப்பலை விட்டு இறங்கினால் கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது, 1980களின் போரோடு அதுவும் நின்றது.

கொழும்பையும் வடக்கையும் இணைத்த யாழ்தேவி ரயில் 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியது. 1985 ஜனவரி 19இல் முறிகண்டிக்கு அருகே அது குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990க்குப் பிறகு பெரும்பாலும் வவுனியாவே கடைசி நிலையம். திரும்பி வந்த வரிசை இது: ஓமந்தை 2011 மே, கிளிநொச்சி 2013 செப்டெம்பர், பளை 2014 மார்ச், யாழ்ப்பாணம் 2014 அக்டோபர், காங்கேசன்துறை 2015 ஜனவரி. மன்னார்ப் பக்கம் மடு வீதி வரை 2013 மே, தலைமன்னார் துறை வரை 2015 மார்ச். 2023 ஜனவரியில் அனுராதபுரம் – வவுனியா பகுதியைத் திருத்த மூடி, ஜூலையில் திறந்தார்கள். மதவாச்சியில் இன்று நீங்கள் பார்ப்பது அந்தத் திருத்தத்துக்குப் பிந்திய முகம்.

எந்த இடத்தை எடுப்பது

முழுப் பாதையையும் எடுக்காதீர்கள். ஒரு நிலையத்தை எடுத்து ஆழமாகப் பாருங்கள்.

மதவாச்சி வடமத்திய மாகாணத்தில் இருக்கிறது, வன்னிக்கு வெளியேதான். ஆனாலும் வன்னியின் இரண்டு கால்களும் அங்கேதான் பிரிகின்றன. ஒன்று ஈரற்பெரியகுளம் வழியாக வவுனியாவுக்கும் வடக்குக்கும், மற்றது நேரியகுளம், செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாக மன்னாருக்கும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் பழைய காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1914க்குப் பிறகு அவர்கள் ரயிலில் மதவாச்சியைத் தாண்டிப் போனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே சந்தியால் தலைமன்னாருக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். இப்படி வந்ததும் போனதும் ஒரே சந்தியில் பதிந்திருக்கும் இடம் இலங்கையில் வேறு எது? சிங்களம் பேசக்கூடிய ஒருவர் துணைக்கு வந்தால் மதவாச்சியை எடுங்கள், ஏனென்றால் அங்கே நினைவு வைத்திருப்பவர்களில் பலர் சிங்களவர்கள்.

நகர யார்ட்டுக்கு, அதாவது பெட்டிகளை நிறுத்தவும் பிரிக்கவும் தடங்கள் விரிந்து கிடக்கும் வெளிக்கு, வவுனியா நல்ல உதாரணம். 1990க்குப் பிறகு கடைசி நிலையமானதால் வடக்கே ஓடவேண்டிய எஞ்சின்கள் அங்கேயே கழன்று, பெட்டிகளைச் சுற்றி வந்து மறுமுனையில் பூட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. ஒரு யார்ட்டின் வேலையே மாறிப்போன காலம் அது. இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்ததால் 1942 – 45 காலத்தைத் தனியாகப் பாருங்கள்.

மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகியவற்றில் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை என்று நினைத்துக்கொண்டு போகவேண்டும். அங்கே ஆட்களின் பேச்சுத்தான் முதல். பரந்தனை எடுப்பவர்கள் பக்கத்து இரசாயனத் தொழிற்சாலையையும் ஆனையிறவு உப்பளத்தையும் சேர்த்து விசாரியுங்கள். மடு வீதிக்கு ஆடி, ஆவணித் திருவிழாக்களே சாவி. விசேட ரயில்களில் வந்து இறங்கிய சனத்தை அந்தச் சின்ன நிலையம் எப்படித் தாங்கியது என்பதே ஒரு கட்டுரைக்குப் போதும்.

முதல் படி: ஆட்கள்

ரயில்வேயில் வேலை செய்தவர்களை மட்டும் தேடாதீர்கள். நிலைய அதிபர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள், அவர்களில் பலர் வேறு மாகாணக்காரர். ஊரோடு இருந்தவர்கள் வேறு ஆட்கள்: நிலையத்துக்கு முன்னால் தேநீர்க்கடை வைத்திருந்தவர், வண்டில்காரர், குட்செட்டில் மூட்டை தூக்கியவர், லொறிக்காரர், கடவைக் காவலாளியின் மகள், ரயிலில் பள்ளிக்கூடம் போன ஆசிரியை. தபால் கந்தோரில் வேலை செய்தவரை விடவேவேண்டாம். மெயில் கோச்சியில் வந்த தபால் பையை இறக்கி எடுத்தவருக்கு நேரம், மேடை, பெட்டி எல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

கிராம சேவையாளர், கோயில் தர்மகர்த்தா, பங்குத்தந்தை, ஓய்வுபெற்ற அதிபர் ஆகியோரிடம் பெயர் கேளுங்கள். அவர்களில் ஒருவர் கூட வந்து அறிமுகப்படுத்தினால் இன்னும் நல்லது. முன்பின் தெரியாத ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றால் வன்னிச் சனம் பயப்படும். அதற்கு நியாயம் இருக்கிறது. யார் நீங்கள், ஏன் கேட்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். குரலைப் பதிவதற்குச் சம்மதம் கேளுங்கள், அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே பதியுங்கள்.

"ரயில் வரலாறு சொல்லுங்கோ ஐயா" என்று கேட்டால் ஒன்றும் வராது. "ஏதோ அந்தக் காலம் நல்லா இருந்தது தம்பி" என்பதோடு நின்றுவிடும். உடம்பு நினைவு வைத்திருக்கும் விஷயங்களைக் கேளுங்கள்:

"கோச்சி வரேக்க நீங்கள் எந்தப் பக்கம் நிப்பியள்? வெயில் முகத்திலயோ முதுகிலயோ அடிக்கும்?"

"மூட்டையை இறக்கி எத்தனை எட்டு நடந்து வண்டிலில போடுவியள்?"

"எஞ்சினுக்குத் தண்ணி எங்கயிருந்து வரும்?"

"இரவு சண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்) சத்தம் உங்கட வீட்டுக்குக் கேக்குமோ?"

வெயில் எந்தப் பக்கம் என்பதில் மேடை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். எத்தனை எட்டு என்பதில் குட்செட்டுக்கும் வீதிக்கும் உள்ள தூரம் கிடைக்கும். எஞ்சின் தண்ணீர் பற்றிய கேள்வி 1950, 60களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு. இலங்கைக்கு நீண்டதூர ரயில்களை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் 1953இலிருந்து வந்தன, 1954இல் கனடாவிலிருந்து வந்தவை யாழ்ப்பாணப் பாதையில் பெயர் பெற்றவை. அதற்கு முன் அந்த ரயில்களை இழுத்தது நீராவி. வரண்ட வன்னியில் நீராவி எஞ்சினுக்குக் குளமோ ஆழக்கிணறோ இல்லாமல் நிலையம் நடத்த முடியாது. தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது என்று பிடித்துவிட்டால் எஞ்சின் நின்ற இடம் தெரியும், அதிலிருந்து ரயிலின் நீளமும் மேடையின் நீளமும் தெரியவரும்.

பேசி முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுத்து யார்ட்டை வரையச் சொல்லுங்கள். "எனக்கு வரையத் தெரியாது" என்பார்கள். நிலையக் கட்டடத்தை ஒரு பெட்டியாகவும் பாதையை ஒரு கோடாகவும் நீங்களே போட்டுவிட்டு, "குட்செட் இதில எங்க ஐயா?" என்று கேளுங்கள். பென்சில் தானாகக் கை மாறும். அந்தத் தாளில் திகதியையும் வரைந்தவரின் பிறந்த ஆண்டையும் அவர் எந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். பல பேர் வரைந்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கோடுகள் மேலே வரும்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. தண்டவாளத்தை யார் கழற்றினார்கள், யார் வீட்டில் சிலிப்பர் கட்டை இருக்கிறது என்று துருவவேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், எழுதும்போது வீட்டையும் பெயரையும் விட்டுவிடுங்கள். ரயில் பற்றிய பேச்சு பல வீடுகளில் இறந்தவர்களிடம் போய் நிற்கும். அப்போது பதிவை நிறுத்திவிட்டு அவர்களோடு இருங்கள்.

இரண்டாம் படி: நிலத்தைப் படித்தல்

போவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. புதுப்பாதையில் ரயில் வேகமாக வரும், நேர்ப்பாதையில் சத்தம் பிந்தித்தான் கேட்கும். நிலைய அதிபரிடம் சொல்லி அனுமதி பெற்று அவர் காட்டும் இடத்தில் மட்டும் பாருங்கள். இரண்டாவது, மிதிவெடி. ஓமந்தைக்கு வடக்கே பாதையோரக் காடுகள் போர் நடந்த முன்னரங்குகள். மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் கட்டையோ இருந்தால் ஓர் அடியும் வைக்கவேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனம் நடக்கும் தடத்தை விட்டு இறங்கவேண்டாம். சந்தேகமான இரும்பைத் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பிப்போய்ப் பொலிசிடம் சொல்லுங்கள்.

சரி, என்ன பார்ப்பது? வன்னியில் வடக்குப் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்கமுடியும். அதனால் ஒவ்வொரு கடவை நிலையத்திலும் பிரதான பாதைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுத்தடம் இருக்கும், பொருள் ஏற்றி இறக்க அதிலிருந்து மறுமுனை மூடிய ஒரு முட்டுத்தடம் பிரியும். பழைய முறையில் ஒரு பகுதிக்குள் நுழைய, சாரதியின் கையில் டெப்லட் இருக்கவேண்டும். அது ஒரு வளையத்தில் கட்டிய தோல்பைக்குள் இருக்கும் உலோகத் தட்டு. ஓடுகிற ரயிலிலிருந்து ஒருவர் வளையத்தைக் கையில் கோர்த்து வாங்க, இன்னொன்றை எறிவார்கள். டெப்லட் மாற்றிய இடம், கைகாட்டி மரம் நின்ற இடம் இரண்டையும் வயதானவர்கள் சரியாகக் காட்டுவார்கள், ஏனென்றால் சின்ன வயதில் பார்க்கப் போன இடம் அதுதான்.

தடமே இல்லாத இடத்தில் காணியின் அகலத்தைப் பாருங்கள். பாதையோடு ஒட்டி ஒடுங்கி வரும் ரயில்வே காணி நிலையத்தருகே வயிறு பெருத்துப் பிறகு மறுபடி ஒடுங்கும். அந்த அகலம்தான் யார்ட். எல்லைக்கல், பழைய வேலி, ஒரே வரிசையில் நிற்கும் பெரிய வேம்பு அல்லது நிழல்வாகை மரங்கள், வீட்டு அத்திவாரத்தோடு ஒரு கிணறு: நிலைய அதிபர் விடுதியும் ஊழியர் லயனும் இப்படித்தான் தென்படும். கறுத்த நிலக்கரிச் சாம்பல் கலந்த மண் கண்டால் எஞ்சின் நெருப்புத் தட்டிய இடமாக இருக்கலாம். மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், நன்றாகத் தெரியும்.

இனி இரும்பு. வன்னியில் பழைய தண்டவாளம் இன்று அதிகமாகக் கிடைப்பது பாதையில் அல்ல. வேலித் தூண், மதகின் குறுக்குச்சட்டம், கோயில் கொட்டகையின் உத்தரம், பள்ளிக்கூட மணி. அந்த மணியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முழ நீளத் துண்டு, மேல் நுனியில் துளை, கம்பியால் மரத்தில் தொங்கும், அடித்து அடித்து ஓரிடம் மட்டும் பளபளக்கும். அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில், துருவுக்கு அடியில், எழுந்து நிற்கும் எழுத்துகள் இருக்கலாம். கத்தியால் சுரண்டவேண்டாம். பொழுதுபட்ட பிறகு கைபேசி வெளிச்சத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பிடியுங்கள். எழுத்தின் நிழல் விழும், படிக்கலாம், படமும் எடுக்கலாம். மெல்லிய தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தாலும் உருவம் ஏறும்.

வழக்கமாக அதில் செய்த ஆலையின் பெயர், ஆண்டு, மாதம், ஒரு யார் (மூன்று அடி) நீளத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற நிறை ஆகியவை இருக்கும். மாதம் பெரும்பாலும் ரோம எண்ணில் அல்லது சின்னக் கோடுகளாக வரும். நிறையை இரண்டால் வகுத்தால் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ எத்தனை கிலோ என்று வரும். 80 இறாத்தல் தண்டவாளம் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. துண்டு ஆனபடியால் பாதி எழுத்துத்தான் இருக்கும், இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. தண்டவாளத்தில் உள்ள ஆண்டு அது உருக்காலையில் செய்யப்பட்ட ஆண்டு. பிரதான பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றி முட்டுத்தடத்தில் போடுவது ரயில்வேயின் வழக்கம். அதனால் 1903 என்று பொறித்த இரும்பு 1950இல் போட்ட தடத்திலும் கிடந்திருக்கலாம். "இதற்கு முந்தியதல்ல" என்று மட்டுமே அந்த ஆண்டு சொல்லும்.

மூன்றாம் படி: வரைபடமும் வான்படமும்

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு மைலுக்கு ஒரு அங்குல வரைபடத் தாள்களைத் தேடுங்கள். நிலையமும் கடவையும் பாலமும் அதில் இருக்கும், யார்ட்டின் உட்தடங்கள் இருக்காது. யார்ட்டைப் பார்க்க வான்படம் வேண்டும். 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இலங்கை முழுவதையும் வானிலிருந்து படமெடுத்தார்கள். யாழ்தேவி தொடங்கிய அதே வருடம்! அந்தப் படங்களின் பிரதியை நில அளவைத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய திகதிப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. புதுப்பாதை போடுவதற்கு முந்திய படம் உங்கள் இடத்துக்கு இருந்தால் பழைய தடம் காட்டுக்குள் கோடு போட்டதுபோல் தெரியும். நேர்காணலில் வரைந்த படத்தை அதன்மேல் பொருத்திப் பாருங்கள்.

அதிகம் பேர் தேடாத ஒன்று, பக்கத்துக் காணிக்காரரின் உறுதி. "மேற்கு: புகையிரதப் பாதை" என்ற எல்லை எந்த ஆண்டு உறுதியில் முதலில் வருகிறது, "ரயில்வே காணி" என்று எப்போது மாறுகிறது என்று பாருங்கள். நில அளவைப் படமும் கூட இருந்தால் யார்ட்டின் எல்லை அடிக்கணக்கில் கிடைத்துவிடும். உரிமையாளர் காட்ட விரும்பினால் மட்டும் பாருங்கள், காணிப் பிரச்சினை நடக்கும் வீடு என்றால் கேட்கவேவேண்டாம்.

நான்காம் படி: காகிதம்

எந்தக் கச்சேரியில் (மாவட்ட அரசாங்க அதிபர் அலுவலகத்தில்) தேடுவது என்பதிலேயே பலர் வழி தவறுகிறார்கள். இன்றைய மாவட்ட எல்லை பழைய கோப்புக்குப் பொருந்தாது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய கிளிநொச்சி, பரந்தன் விவகாரங்கள் யாழ்ப்பாணக் கச்சேரியின் கீழ். இன்று மாங்குளம் இருக்கும் முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் பிரிந்தது. ஆகவே மாங்குளத்துக்கு வவுனியாவைப் பார்க்கவேண்டும். மதவாச்சிக்கு அனுராதபுரம்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பிரித்தானியர் கால நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். ரயில்வேப் பொது முகாமையாளரின் வருட அறிக்கை ஒரு பக்கம், அரசாங்க அதிபர்களின் அறிக்கை இன்னொரு பக்கம். முதலாவதில் தடமும் செலவும் வருமானமும் வரும். இரண்டாவதில் காய்ச்சல், வரட்சி, கூலியாட்கள் பற்றி வரும். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் 1905ஐ ஒட்டிய வன்னி கண்முன் நிற்கும். ரயில் வருமுன் வன்னி எப்படி இருந்தது என்பதற்கு ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர்கள் பலவிதமாக வரும். வவோனியா, மதவாச்சி, மெதவச்சிய, முரிகண்டி என்று எல்லா உச்சரிப்புகளுக்கும் உரிய எழுத்தில் தேடுங்கள். இலண்டனில் உறவுக்காரர் இருந்தால் கியூ ஆவணக்காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற இலங்கைக் கோப்பு வரிசையைப் பார்க்கச் சொல்லலாம்.

செய்தித்தாளுக்கு வீட்டிலிருந்தே தொடங்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் மலர்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு வன்னிச் செய்திக்கு நல்லது. பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர் ஆகியவற்றைத் தள்ளிவிடவேண்டாம். ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு முப்பத்தோராம் நாள் நினைவு மலரில்தான் இருக்கும்.

ரயில்வேத் திணைக்களத்திடம் பழைய யார்ட் வரைபடம், ஓட்டநேர அட்டவணை கேட்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்கவேண்டும். "வவுனியா பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். "வவுனியா நிலைய யார்ட்டின் தட வரைபடம், 1990க்கு முந்தியது, கடைசியாக இருக்கும் பிரதி" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். கடுகண்ணாவையில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். டெப்லட் கருவியையும் கைகாட்டி நெம்புகோலையும் கண்ணால் பார்த்தால் பெரியவர்கள் சொல்வது விளங்கும்.

ஐந்தாம் படி: பொருத்திப் பார்த்தல்

ஒரே படத்தில் எல்லாவற்றையும் வரையாதீர்கள். வவுனியா என்றால் நான்கு படம் வேண்டும்: 1905ஐ ஒட்டியது, 1956, 1990க்குச் சற்று முன், 2011க்கு முன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஓர் எழுத்து இடுங்கள். ஆ என்றால் ஆள் சொன்னது, நி என்றால் நிலத்தில் கண்டது, வ என்றால் வான்படம் அல்லது வரைபடம், கா என்றால் காகிதம். இரண்டு வழியில் உறுதியான கோட்டை முழுக்கோடாகவும், ஒரு வழியில் மட்டும் வந்ததைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.

முரண் வரும். குட்செட் கிழக்கே இருந்தது என்று ஒருவர், மேற்கே என்று இன்னொருவர். யாரையும் பொய் சொன்னதாக எண்ணவேண்டாம். இருவரும் எந்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறார்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்று திரும்பக் கேளுங்கள். பல முரண்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராததை இரண்டாகவே எழுதிவையுங்கள்.

யார்ட் எதைச் சுமந்தது என்பதை விட்டுவிடாதீர்கள். நெல், முருங்கன் அரிசி, பாலை, முதிரை போன்ற வைர மரங்கள், ஆனையிறவு உப்பு, 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறை ஆலையிலிருந்து தெற்கே போன சீமெந்து: எது நின்று ஏறியது, எது ஏறாமல் கடந்து போனது என்று பிரியுங்கள். தலைமன்னாரில் பொருள் கப்பலிலிருந்து இறங்கி மறுபடி ஏறவேண்டியிருந்தது, வண்டி அப்படியே கடந்துவர வழி இருக்கவில்லை. அக்கரையில் அந்தக் காலத்தில் தண்டவாள இடைவெளி ஒரு மீற்றர், இக்கரையில் 5 அடி 6 அங்குலம். அந்தக் கைமாற்றத்துக்கு எத்தனை தொழிலாளர் வேண்டியிருந்திருக்கும், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டால் தலைமன்னார் ஊரின் கதை வரும்.

எங்கே கொடுப்பது

குரல் பதிவை இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கோப்பின் பெயரிலேயே ஊர், திகதி, பேசியவரின் பிறந்த ஆண்டு வரட்டும். பேசியவருக்கு முதல் பிரதி. வெளியிடுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டி, நீக்கச் சொன்னதை நீக்குங்கள். நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் ஒலி, படம், ஆவணம் எல்லாவற்றையும் சேகரிக்கிறது. அங்கே ஒரு பிரதி, வவுனியா பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று, ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு அச்சிட்ட படத்தொகுப்பு ஒன்று. பாடசாலைப் பிரதியின் பின்பக்கத்தில் சில வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுங்கள். அதைப் பார்க்கும் பிள்ளை வீட்டில் கேட்டு வந்து, "இந்தத் தடம் இன்னும் நீளம் எண்டு எங்கட அம்மப்பா சொன்னவர்" என்று எழுத இடம் வேண்டும்.